பொரித்த எண்ணெயில் டீசல் வண்டி ஓடுமா?

ரமழான் முடிந்து பெருநாள் வந்ததும் நம் வீட்டுச் சமையலறைகளில் ஒரு தூக்குவாளி எண்ணெய் மிஞ்சிக் கிடக்கும். முப்பது நாளும் வடை, சமோசா, பஜ்ஜி என்று பொரித்துக் கருத்துப்போன எண்ணெய். கொட்டவும் மனம் வராது, சமைக்கவும் மனம் வராது. வீட்டுக்கே இப்படி என்றால் கல்யாண விருந்து சமைப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். அணுபுரம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கம் சமையலுக்குப் போய்வரும் பண்டாரி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பாய், இந்த எண்ணெயை வடிகட்டி நம்ம லோடு வண்டியில ஊத்தினா ஓடுமாம். வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கு. நெசமா?"

நிஜம்தான். ஆனால் எவ்வளவு நாள் ஓடும் என்பதை அந்த வீடியோ சொல்லியிருக்காது.

தாவர எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடுவது புதுச் செய்தி அல்ல. 1900-ல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இந்த இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பலமாக அமுக்கிச் சூடேற்றி, அதில் எரிபொருளைப் பனித்தூறல் போலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அந்தத் தூறலில்தான் சிக்கலே இருக்கிறது. சமையல் எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது. இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகள் வழியே அது தூறலாக வராமல் பெரிய துளிகளாக வரும். பெரிய துளி முழுதாக எரியாது. எரியாத மிச்சம் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகப் படியும். கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் இறங்கி, நாளாவட்டத்தில் அதைக் கூழாக்கும். முதல் வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடும். அதனால்தான் வீடியோ எடுப்பவர்களும் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள்.

பழைய அம்பாசிடர் டீசல் மாதிரியான வண்டிகள் இதை ஓரளவு தாங்கின. வெளிநாடுகளில் இதைச் செய்கிறவர்கள் வண்டியில் இரண்டு டேங்க் வைத்திருப்பார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் வெந்நீரால் எண்ணெயை 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கிய பிறகு அடுத்த டேங்குக்கு மாறுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் டீசலுக்கு வந்துவிடுவார்கள். பிரிட்டனில் 2007 முதல், ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை இப்படிச் சொந்தமாக எரிபொருள் தயாரித்துப் பயன்படுத்துபவருக்கு எரிபொருள் வரிகூட இல்லை.

ஆனால் 2020 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் பி.எஸ்.6 வண்டிகள் வேறு சாதி. அவற்றில் இருப்பது காமன் ரெயில் முறை. ஆயிரம் பார் அழுத்தத்தையும் தாண்டி எரிபொருளைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டர்களும், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் பொரித்த எண்ணெயின் கசடைத் தாங்காது. டீசலில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலையில் போய்விடும். வாரண்டியும் கிடைக்காது.

போதாததற்கு நம் ஊர்களில் அதிகம் புழங்குவது பாமாயில். மார்கழிக் காலையில் ரேஷன் பாமாயில் பாக்கெட் அடியில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உறைவு டீசல் குழாயிலும் ஃபில்டரிலும் நடந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பொரிக்கும்போது கோழியிலிருந்தும் மீனிலிருந்தும் இறங்கிய தண்ணீரும் உப்பும் அந்த எண்ணெயில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் 'பயோடீசல்' என்பது என்ன? எண்ணெயை அப்படியே ஊற்றாமல், அதன் கெட்டித்தன்மையை வேதிவினையால் எடுத்துவிடுவதுதான் அது. எண்ணெயோடு மெத்தனாலும், கொஞ்சம் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது டீசலைப் போலவே இளகிய பயோடீசல். சுமார் 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோவுக்குச் சற்று மேல் மெத்தனால் போட்டால், ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் வரும். கேட்க எளிது. சோப்பு காய்ச்சுவது மாதிரிதானே, கொல்லைப்புறத்தில் செய்துவிடலாம் என்று தோன்றும்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மெத்தனால் எது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும், பக்கத்தில் மரக்காணம் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். மெத்தனால் குடித்தால் மட்டும்தான் ஆபத்து என்பதில்லை. அதன் ஆவியைச் சுவாசித்தாலும் தோலில் பட்டு ஊறினாலும் விஷம்தான். பகல் வெளிச்சத்தில் அது எரியும் தீகூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் வைக்கிற பொருள் அல்ல.

சரி, எண்ணெயை என்னதான் செய்வது? இங்கேதான் நாம் வண்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார் சேர்மங்கள்' எனப்படும் சிதைவுப் பொருட்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல், உலக உயிரி எரிபொருள் நாளன்று, 'ரூகோ' என்ற திட்டத்தை ஆணையம் தொடங்கியது. பொரித்த எண்ணெயை உணவகங்களிலிருந்து சேகரித்துப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் உணவகங்கள் 2019 மார்ச் முதல் அதற்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில், இந்த எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை 100 நகரங்களில் வாங்க அரசு எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. முதல் ஆண்டுக்கு லிட்டருக்கு 51 ரூபாய் என்று விலை வைத்தன.

இத்தனை ஏற்பாடும் வண்டிக்காக மட்டும் அல்ல. பெரிய உணவகங்கள் கழித்துவிடும் எண்ணெய், கேன் கேனாக மலிவு விலைக்குக் கைமாறி, சாலையோரக் கடைச் சட்டிக்கு வந்து சேர்ந்துவிடும் என்ற பயம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரையில் பொரித்த மீன் வாங்கித் தின்னும் நம் பிள்ளைகள் வயிற்றுக்குள் போவது எத்தனையாவது சூடு கண்ட எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? ஆலைக்குப் போன எண்ணெய் மட்டும்தான் திரும்பிச் சட்டிக்கு வராது.

வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் கடைகளில் பொரித்த எண்ணெயையே பயோடீசலாக்கி, தன் சரக்கு லாரிகளை 2011 முதல் ஓட்டிவருகிறது. எண்ணெயைத் தருவதும் எரிபொருளை வாங்குவதும் ஒரே கை. கணக்குத் தப்ப வழியில்லை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, தாளிப்புக்கும் குழம்புக்கும் ஓரிரு நாளில் தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். மிஞ்சியதைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சாக்கடைக் குழாயில் சோப்போடு சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் போனால் பக்கிங்காம் கால்வாய் வரை போகும்.

பள்ளிவாசல் இஃப்தார், வலீமா, மதரஸா விடுதி என்று மொத்தமாகச் சமைக்கும் இடங்களில்தான் உண்மையான அளவு சேரும். ஆறிய பிறகு வடிகட்டி, தண்ணீர் படாத மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே 'சமையலுக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள். ரூகோ திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யார் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எண்ணெயைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். கூடுதல் விலை தருகிறேன், ரசீது கிடையாது என்று ஒருவர் வந்தால், அந்த எண்ணெய் எங்கே போகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பண்டாரி பாயிடம் இதையெல்லாம் சொன்னதும், "அப்போ வண்டிக்கு டீசல்தானா?" என்று சிரித்தார். பிறகு, இப்போது அவரிடம் எண்ணெய் எடுத்துப்போகும் ஆள் ரசீது கொடுப்பதில்லை என்றார்.