நோய் பற்றிய ஆய்வுக்கு உங்களிடம் தகவல் கேட்டால்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் தாது உள்ளது. அதனால் அங்கு இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. இத்தகைய ஊர்களில் நோய், மகப்பேறு, குடும்பநிலை குறித்துக் கேட்க ஆய்வாளர்கள் உங்கள் இல்லத்திற்கு வரக்கூடும். ஊசியோ மருந்தோ இல்லாத, கேள்விகள் மட்டுமே கொண்ட ஆய்வுக்கும் உங்கள் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த சமூக ஆய்வுகளையும் உள்ளடக்கியவை.

ஆய்வின் நோக்கத்தை உங்களுக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும். எழுதப் படிக்க அறியாதவர், ஆய்வைச் சாராத சாட்சியின் முன்னிலையில் கைரேகை இடலாம். நீங்கள் மறுத்தாலும், இடையில் விலகினாலும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ நீங்கள் பெறும் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதி மட்டும் போதாது. சிற்றூரில் தெரு, வயது, நோய் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டின் திருமணப் பேச்சுகூட அதனால் தடைபடலாம். இவ்விவரங்களை எவ்வாறு மறைப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு: நோயாளி தாமே முடிவெடுக்கும் நிலையில் இருப்பின், அவருக்காக நீங்கள் ஒப்புதல் அளிக்க இயலாது. நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் உள்ள தகவல் தாளின் ஒரு படியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.