துள்ளும் கங்கையில் துடுப்பு போடலாமா?

குழந்தைகளே, காற்றடைத்த ரப்பர் படகில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்புடன், நுரை பொங்கும் ஆற்றில் குதித்துக் குதித்துப் போவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ராஃப்டிங் என்று பெயர். பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். ஆனால் எந்த ஆற்றில் போவது?

பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் இருப்பதுபோல ஆற்றுக்கும் ஆறு நிலைகள் உண்டு. முதல் நிலையில் சிற்றலைதான். இரண்டில் அலை கொஞ்சம் எழும்பும், ஆனால் வழி அகலமாக இருக்கும். மூன்றில் படகுக்குள்ளேயே தண்ணீர் பாய்ந்து எல்லாரையும் நனைத்துவிடும். நான்கில் படகைச் சட்டென்று திருப்பத் தெரியவேண்டும், தவறினால் கவிழும். ஐந்தாவது, பல வருஷம் பழகியவர்களுக்கு. ஆறாவதுக்கு அவர்களே தயங்குவார்கள்.

ஒரே ஆற்றில் பல வகுப்புகள் இருப்பதுதான் வேடிக்கை! உத்தரகண்ட் மாநிலத்தில் ரிஷிகேஷ் அருகே கங்கையைப் பாருங்கள். பிரம்மபுரியில் படகு ஏறினால் ரிஷிகேஷுக்குச் சுமார் 9 கி.மீ. புதியவர்களுக்கு இது போதும். சிவபுரியில் ஏறினால் சுமார் 16 கி.மீ. வழியில் 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்த பெரிய அலைகள் காத்திருக்கும். இன்னும் மேலே கௌடியாலாவில் ஏறினால் சுமார் 36 கி.மீ. அந்த வழியில் ஓர் அலைக்கு 'சுவர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அது நான்காம் நிலை. பெயரே சொல்கிறதே!

நிலை எப்போதும் ஒன்றாகவும் இருக்காது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் எளிய இடமும் முரட்டு இடமாகிவிடும். அதனால்தான் ஜூலை, ஆகஸ்டில் ரிஷிகேஷில் படகு விடுவதில்லை. கர்நாடகாவில் தாண்டேலி அருகே ஓடும் காளி ஆற்றிலோ, சூபா அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் சவாரி!

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே சார்" என்று வகுப்பில் ஒரு பையன் சொல்வான். அவன் பழகியது கிணற்றில். கிணற்றுத் தண்ணீர் நம்மை இழுத்துக்கொண்டு ஓடாது; கங்கை ஓடும். பனி உருகி வருவதால் சில்லென்றும் இருக்கும். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் படகில் கால் வைக்கவே கூடாது. தவறி விழுந்தால், எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் தண்ணீர் உங்களை அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை நீர் ஓடும் பக்கம் நீட்டி மிதக்கவேண்டும். பாறை எதிர்ப்பட்டால் காலால் உந்தி விலகலாம்.

ரிஷிகேஷில் பொதுவாக 14 வயதானவர்களைத்தான் ஏற்றுவார்கள். அதுவரை நீச்சல் பழகுங்கள். முதல் முறை போகும்போது அப்பா கௌடியாலா என்றாலும், நீங்கள் பிரம்மபுரி என்று சொல்லுங்கள்!