அரசியலமைப்பின் ஆரம்பக் கருத்தும் இயற்கை உரிமைகளும்

அரசியலமைப்பு ஒன்றிலுள்ள ஒரு சொல்லின் பொருள் பற்றிப் பிணக்கு எழுமாயின் அதனைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் பணியாகும். இது பொருள்கோடல் எனப்படும். நீதிபதிகள் கொள்ளும் பொருளினால் ஒரு மனிதனின் சுதந்திரமே பறிபோகலாம். ஐக்கிய அமெரிக்காவின் ட்ரெட் ஸ்கொட் வழக்கு இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

பொருள்கோடலின் இரு அடிப்படைகள்

1. ஆரம்பக் கருத்து: அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட காலத்தில் அதன் சொற்கள் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டனவோ, அப்பொருளையே பின்னரும் கொள்ள வேண்டும் என்பதாகும். நீதிபதிகள் தமது சொந்த விருப்பத்தைச் சட்டமாக்குவதை இது தடுக்கும் என்பது இதனை ஆதரிப்போரின் வாதமாகும்.

2. இயற்கை உரிமைகள்: உயிர், சுதந்திரம் போன்ற உரிமைகள் அரசினால் வழங்கப்பட்டவையல்ல, மனிதர் என்பதனாலேயே எல்லோருக்கும் உரியவை என்பதாகும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் இதனை விளக்கினார். 1776 யூலை 4ஆம் திகதிய அமெரிக்க சுதந்திரப் பிரகடனம், மனிதர் யாவரும் சமம் என இதன் அடிப்படையிலேயே கூறியது.

வழக்கின் பின்னணி

ட்ரெட் ஸ்கொட் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஓர் அடிமை. இராணுவ வைத்தியரான அவரது எசமானர், அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்த இலினோய் மாநிலத்திலும் விஸ்கொன்சின் பிரதேசத்திலும் அவரை வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்தமையால் தாம் சுதந்திர மனிதரே எனக் கூறி, ஸ்கொட் 1846இல் வழக்குத் தொடுத்தார்.

1857 மார்ச் 6இல் உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரதம நீதியரசர் ரோஜர் டோனி ஆரம்பக் கருத்தையே ஆதாரமாகக் காட்டினார். 1787இல் அரசியலமைப்பை வரைந்தோர் கறுப்பினத்தவரைப் பிரசைகளாகக் கருதவில்லை. எனவே ஸ்கொட்டிற்குச் சமஷ்டி நீதிமன்றில் வழக்காடும் உரிமையில்லை என்றார். பிரகடனத்தின் சமத்துவக் கூற்றும் அவர்களைக் குறிக்கவில்லை என்றார்.

மறுப்புகள்

1. நீதியரசர் பெஞ்சமின் கேர்ட்டிஸ் டோனியின் வரலாற்றையே மறுத்தார். அரசியலமைப்பு உருவாவதற்கு முன்னரே ஐந்து மாநிலங்களில், தகைமையுடைய சுதந்திரக் கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்றிருந்தனர் என எடுத்துக்காட்டினார். அதாவது, ஆரம்பக் கருத்தின்படி பார்த்தாலும் டோனியின் முடிவு தவறானதாகும்.

2. 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், வரைந்தோரின் மனத்தில் இருந்ததையன்றி எழுதப்பட்ட சொற்களையே நோக்க வேண்டும் என 1860இல் வாதிட்டார். 'அடிமை' என்ற சொல் அரசியலமைப்பில் இல்லை. அதன் முகவுரை 'மக்கள்' என்கிறதேயன்றி 'வெள்ளையர்' எனக் கூறவில்லை. இரு பொருள் கொள்ளக்கூடிய இடத்தில் நீதிக்கு இசைவான பொருளையே கொள்ள வேண்டும் என்றார்.

எனினும், பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்கையில் அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரையே சேர்க்கும் ஏற்பாடும் அதே அரசியலமைப்பில் இருந்தது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. இதனால் டக்ளசின் விளக்கத்தை ஏற்காதோரும் இருந்தனர்.

விளைவுகள்

• 1857 மே மாதம் புதிய உரிமையாளர் ஸ்கொட்டை விடுவித்தார். அடுத்த ஆண்டே அவர் மரணமானார்.
• உள்நாட்டுப் போரின் பின் 13ஆம் திருத்தம் (1865) அடிமைமுறையை ஒழித்தது.
• 14ஆம் திருத்தம் (1868) அங்கு பிறந்தோருக்குப் பிரசாவுரிமையை உறுதிசெய்து டோனியின் தீர்ப்பைச் செல்லுபடியற்றதாக்கியது.

நாம் அறிய வேண்டியது

ஆரம்பக் கருத்து முறை தவறானது என்று மட்டும் எழுதினால் உங்கள் விடை முழுமை பெறாது. அம்முறையைக் கையாள்பவர் வரலாற்றுச் சான்றுகளை நேர்மையாக ஆராய்தல் வேண்டும். டோனி தமக்குச் சாதகமானவற்றையே நோக்கினார். இயற்கை உரிமைகளும் நீதிமன்றில் தாமாகப் பாதுகாப்புப் பெறவில்லை. திருத்தங்களாக எழுதப்பட்ட பின்னரே அவை உறுதியான சட்ட வலுப் பெற்றன.

பயிற்சி வினாக்கள்

1. ஆரம்பக் கருத்து, இயற்கை உரிமை ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. டோனியின் வாதத்தைக் கேர்ட்டிஸ் எவ்வாறு மறுத்தார்?
3. ட்ரெட் ஸ்கொட் தீர்ப்பை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது ஏன் என விளக்குக.