மூக்குக் கண்ணாடிக்கும் அளவு எடுக்கணும்! பிளாட்பாரத்தில் வாங்கினால் தலைவலி மட்டுமா, தெரியாமல் போகும் நோயும் உண்டு

சென்னை:-

பாரிமுனை, தியாகராய நகர் பக்கம் மாலையில் நடந்தால் பிளாட்பாரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும்.

"இதைப் போட்டுப் பாருங்க சார். எழுத்து தெரியுதா?"

"கொஞ்சம் மங்கலா இருக்கே."

"அப்போ இது. ரெண்டு பவர். பளிச்சுனு இருக்கும்."

ஐந்தே நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. வாங்கியவர் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்.

சட்டை தைக்க அளவு கொடுக்கிறோம். செருப்பை நாலு எட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம். விடிந்ததிலிருந்து படுக்கும் வரை கண்ணுக்கு முன்னால் நிற்கும் கண்ணாடிக்கு மட்டும் அளவே வேண்டாமா?

வெள்ளெழுத்து

40 வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகத் தொடங்கும். கிட்டத்தில் இருப்பது தெரியாது. பில்லையும் பேப்பரையும் கையை நீட்டிப் பிடித்துப் படிப்போம். இதுதான் வெள்ளெழுத்து. இது நோய் அல்ல. எல்லோருக்கும் வருவது.

பிளாட்பாரக் கண்ணாடி இதற்காக விற்பதுதான். ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். பலருக்கு வலது கண் ஒரு பவர், இடது கண் வேறு பவர் இருக்கும். சிலருக்குக் கருவிழியின் வளைவு ஒரே சீராக இருக்காது. அவர்களுக்கு 'சிலிண்டர்' பவர் வேண்டும். அது எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்றும் கணக்கு உண்டு. பிளாட்பாரக் கண்ணாடியில் இது எதுவும் கிடையாது.

அதைப் போட்டால் கண்ணே கெட்டுப் போகும் என்பது பொய். இரண்டு கண்ணும் சமமாக இருப்பவர்கள், கண்ணைப் பரிசோதித்த பிறகு, அவசரத்துக்குப் படிக்க அதை வைத்துக்கொள்ளலாம். பரிசோதனையே இல்லாமல் வாங்குவதில்தான் ஆபத்து.

வலிக்காத நோய்

ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். வயது 48. பார்வை மங்குகிறது. பிளாட்பாரத்தில் ஒரு கண்ணாடி வாங்குகிறார். ஆறு மாதத்தில் அது சரிப்படவில்லை. இன்னொன்று வாங்குகிறார். அப்புறம் மூன்றாவது. "வயசாச்சு இல்லே" என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார்.

அவருக்கு இருப்பது வெறும் வெள்ளெழுத்து இல்லாமல் 'குளுக்கோமா' என்னும் கண் அழுத்த நோயாக இருந்தால்? இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. கண் சிவக்காது. முதலில் பக்கப் பார்வை குறையும். ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. போன பார்வை திரும்பி வராது. முன்னாடியே கண்டுபிடித்தால் மிச்சம் உள்ளதைக் காப்பாற்றலாம்.

சர்க்கரை நோயாலும் விழித்திரை கெடும். அதற்கும் ஆரம்பத்தில் வலி இல்லை. அதோடு, சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பவர் பார்ப்பதே நல்லது.

ஆகவே 40 வயது ஆனவர்கள் பவரோடு கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பணம் இல்லையே என்று தள்ளிப் போட வேண்டாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இந்த ஊரில்தான் இருக்கிறது. 200 ஆண்டுகளைத் தாண்டிய ஆஸ்பத்திரி அது.

'கம்ப்யூட்டர் டெஸ்ட்'

"எங்க கடையில கம்ப்யூட்டர் டெஸ்ட் சார்" என்பார்கள். அந்த மெஷின் காட்டுவது உத்தேசக் கணக்கு. அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் போதாது. சோதனைப் பிரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யும் வேலையையும் சொல்லுங்கள். கணக்கு எழுதுபவருக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் தேவை வேறு வேறு.

மில்லிமீட்டர் கணக்கு

பவர் சரியாக இருந்தும் தலைவலி வருகிறதா? சந்தேகப்பட வேண்டியது 'பி.டி.'. ஒரு கண் பாப்பாவுக்கும் மறு கண் பாப்பாவுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அது. பெரியவர்களில் பலருக்கு 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

லென்ஸின் மையம் பாப்பாவுக்கு நேராக நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கண்ணின் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடித்து ஈடு கட்டும். சாயங்காலம் நெற்றி கனக்கும். பவர் ஏற ஏற, இந்தத் தவறின் தொல்லையும் ஏறும். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று ஒரே கண்ணாடியில் வாங்குபவர்களுக்குக் கண்ணின் உயரத்தையும் அளக்க வேண்டும். அளக்காவிட்டால் படி இறங்கும்போது கால் தடுமாறும்.

பிரேமிலும் அளவு உண்டு. காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் 52, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்கின் மேல் வரும் இடைவெளி, கம்பியின் நீளம் என்று வரிசை. குனிந்தால் கண்ணாடி சரியக் கூடாது. கன்னத்தில் இடிக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் புண் ஆகக் கூடாது.

கடையில் கேளுங்கள்

கண்ணாடி தயாரானதும் காசைக் கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். "லென்சோமீட்டர்ல வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். டாக்டர் சீட்டில் உள்ள பவரும் மெஷின் காட்டும் பவரும் ஒன்றா என்று பாருங்கள். லென்ஸின் மையத்தில் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லி, போட்டுப் பாருங்கள். புள்ளி பாப்பாவுக்கு நேராக இருக்கிறதா?

புதுப் பவரில் முதல் சில நாள் தரை சாய்ந்த மாதிரி தெரியலாம். இரண்டு வாரமாகியும் அப்படியே இருந்தால் "போகப் போக சரியாயிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். திரும்பப் போய் அளக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஜாக்கிரதை

"இப்பவே கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்" என்று பிள்ளைக்குப் போடாமல் விடும் பெற்றோர் உண்டு. இது பெரிய தவறு. சின்ன வயதில் ஒரு கண் மங்கலாகவே இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம். போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை அடிப்பதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்.

செல்போன், கம்ப்யூட்டர்

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. கண் காய்ந்து எரிகிறது. இதற்கு 20 கணக்கு ஒன்று சொல்வார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பாருங்கள். திரை ஒரு கை தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பேன் காற்று முகத்தில் அடிக்க வேண்டாம்.

நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் என்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். பல ஆய்வுகளை அலசி 2023-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, அதனால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றே கூறியது.

குலுங்கும் பஸ்ஸில் பேப்பர் படித்தால் கண் கெடாது. களைப்புதான் வரும். கண்ணை மூடிக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பவர் சீட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பி.டி. அளவையும் அதில் எழுதச் சொல்லி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கண்ணாடி உடைந்தாலும் உங்கள் அளவு உங்கள் கையில் இருக்கும்.