வரப்பில் பூக்கும் வயலட்

மத்தியதரைக் கடலில் கிரீட் தீவு. அதன் மலைகளில் வயோலா கிரெட்டிகா என்றொரு காட்டு வயலட் பூக்கிறது; அந்தத் தீவை விட்டால் அதற்கு வேறு பிறந்த மண் இல்லை. அதன் சொந்தக்காரச் செடி ஒன்று நம் புளியங்குடி வரப்புகளில் முளைக்கும்: ஓரிதழ் தாமரை. தாமரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வயலட்டாகவே கருதி வயோலா என்னியாஸ்பெர்மா என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் பேரினத்தை மாற்றினார்கள். குடும்பம் மட்டும் மாறவில்லை.

முழங்கால் உயரம்கூட வராத செடி. பூவில் ஐந்து இதழ்கள் உண்டு என்றாலும், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கீழிதழ் ஒன்றுதான் கண்ணில் படும். மற்ற நான்கும் அதன் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும்.

அன்று ஊரைச் சுற்றி மானாவாரிக் காடுகள் பரந்து கிடந்தன. ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள். களையெடுக்க வரும் பெண்கள் பயிருக்கு நடுவே நிற்பதைச் செதுக்குவார்களே தவிர, வரப்புக்குப் போக மாட்டார்கள். வரப்பு ஆடுமாடுகளுக்கு விட்டது. உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு என்றால் அங்கே ஒரு பிடி ஓரிதழ் தாமரை பறித்து, அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி போதும். மிச்சமெல்லாம் நின்று காய்க்கும். காய் முற்றினால் மூன்றாக வெடித்து, வரிவரியான விதைகளைச் சிதறவிடும். அடுத்த மழைக்கு அதுதான் முதல்.

இன்று புளியங்குடி என்றால் எலுமிச்சை. அந்த வருமானத்தில் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் வரப்புக்கும் சேர்த்தே களைக்கொல்லி அடிக்கிறார்கள். சாலையோர நிலங்கள் மனைகளாகின்றன.

இன்னொரு மாற்றம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஓரிதழ் தாமரை சமூலமாகப் பயன்படும் மூலிகை: வேர் முதல் பூ வரை எல்லாமே மருந்து. வீட்டுக்கு ஒரு பிடி என்றிருந்தது இப்போது பொட்டலத்தில் அடைத்த பொடியாக நாட்டு மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் விற்கிறது. ஒரு பொட்டலப் பொடிக்கு எத்தனை செடி வேண்டும்! பூத்து நிற்கும்போதே வேரோடு பிடுங்கினால் விதை எங்கே விழும்? வயலட் குடும்பத்துக்கே பேர்போன சைக்ளோடைடு என்னும் வளையப் புரதங்கள் இதிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆய்வாளர்களின் கண்ணும் பட்டுவிட்டதால், தேவை இனிமேல் கூடுமே ஒழியக் குறையாது.

கிரீட்டின் செடியைப் போல இது ஒரே தீவோடு நின்ற அரிய இனம் அல்ல. இலங்கையிலும் உண்டு, இந்தியாவில் பல இடங்களிலும் உண்டு. அதனாலேயே ஒரு வரப்பில் இல்லாமல் போனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புளியங்குடியில் இயற்கை விவசாயத்துக்குப் பெயர்பெற்றவர்கள் இருக்கிறார்கள். களைக்கொல்லி படாத அவர்களுடைய தோப்போரங்களில், காய் வெடிக்கும்வரை இந்தச் செடியை வெட்டாமல் விட்டாலே போதும். பறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.