தேயிலைக்கு முன்னால் கோப்பி

இலையின் மேல்பக்கம் வெளிர் மஞ்சள் புள்ளிகள்தான் தெரியும். திருப்பினால் ஆரஞ்சு நிறப் பொடி அப்பிக் கிடக்கும். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். 1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் காப்பிச் செடியில் இந்தப் பொடி கண்ணில் பட்டபோது, தோட்டத் துரைமார் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அந்த நாட்டின் காப்பித் தொழிலையே அது துடைத்துப் போட்டுவிட்டது.

இலங்கை என்றதும் இன்று தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் அந்த மலைகளில் நின்றது காப்பி. அங்குள்ள தமிழர் வாயில் அது கோப்பி. எத்தியோப்பியக் காட்டில் பிறந்த செடி. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண்ணயராமல் இருக்க இதைக் குடித்தார்கள். மோக்கா துறைமுகம் வழியே கொட்டை கப்பலேறியது. டச்சுக்காரர்கள் செடியை ஜாவாவில் நட்டார்கள். அங்கிருந்து 1706-ல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போன செடியின் வழிவந்தவைதான் பின்னாளில் அமெரிக்கக் கண்டத்தில் பரவின. உலகத்து அரபிகாத் தோட்டங்களில் பெரும்பாலானவை இப்படி ஒருசில தாய்ச்செடிகளின் பிள்ளைகள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

இலங்கையில் செடி முன்பே இருந்தது. சிங்களவர்கள் அதன் இலையைக் கறியில் சேர்த்தார்கள், பூவைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். 1815-ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் நிலைமை மாறியது. 1830-களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிய, அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. அந்த இடத்தை இலங்கை பிடித்தது. காடுகள் எரிந்தன. 1870-களில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் காப்பி!

அதைப் பறித்த கைகள் தமிழ்நாட்டுக் கைகள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். தோணியில் மன்னார்க் கரை. பிறகு காட்டுவழியே மாத்தளை வரை நடை. வழியெல்லாம் காலராவும் அம்மையும் மலேரியாவும். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். காப்பிக்கு அறுவடைப் பருவம் உண்டு என்பதால் பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வழியே ஊருக்குத் திரும்பினார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடி நடந்தார்கள். காப்பி வரலாறு பேசுகிறவர்கள் பாபா புதன் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஏழு விதைகளையும் லண்டன் காப்பிக் கடைகளையும் ஆசை ஆசையாகச் சொல்கிறார்கள். இந்தக் காட்டுவழியைச் சொல்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், தமிழில் எழுதும்போது முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

நோய் தலைகாட்டிய அதே 1869-ல்தான் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. காப்பிப் பயிரைக் கும்மியாகப் பாடிய ஆண்டிலேயே அதன் முடிவும் தொடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இலை உதிர்ந்தது, காய் பழுக்கவில்லை. 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வந்து ஆராய்ந்தார். அந்த ஆரஞ்சுப் பொடி ஒரு பூஞ்சையின் வித்துகள், அவை காற்றில் பறக்கின்றன. இடையில் வேறு மரமே இல்லாமல் மலைமலையாக ஒரே செடியை நட்டதால் அவற்றுக்குத் தடையே இல்லை என்பதைக் கண்டு சொன்னார். காலம் கடந்துவிட்டிருந்தது. காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884-ல் விழுந்தது. செத்த காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும். வந்து வந்து திரும்பிய ஆட்கள் குடும்பத்தோடு 'லயன்' எனப்படும் வரிசை அறைகளில் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்ற சமூகம் அங்கே வேரூன்றியதில் அந்த ஆரஞ்சுப் பொடிக்கும் பங்கு உண்டு. அவர்களைத்தான் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

தோட்டங்களுக்குத் தமிழர் முதலில் வந்த ஆண்டை 1823 என்று கணக்கிட்டு, 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023-ல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த அதே வழி.