பட்டத்தோடு லேப் பயிற்சியும் வேண்டுமா?

'பயோகெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. முடிச்சாச்சு, அப்புறம் லேப் டெக்னீஷியன் பயிற்சி எதுக்கு டாக்டர்?' என்று கேட்கும் பெற்றோர்களே! எடுத்த ரத்தத்தை வெறும் குழாயில் அப்படியே வைத்துவிட்டால், ரத்த அணுக்களே அதிலுள்ள சர்க்கரையைத் தின்று தீர்க்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஏன் குறைகிறது என்பதைப் பட்டப்படிப்பு சொல்லித் தரும். ஃபுளோரைடு கலந்த குழாயில் ரத்தம் பிடித்து, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கலக்குவது, நேரம் குறிப்பது எல்லாம் பயிற்சியில்தான் கைக்கு வரும். (எங்கள் சித்த மருத்துவத்திலும் சிறுநீரில் நீர்க்குறி பார்க்க ஒரு முகூர்த்தம், அதாவது 90 நிமிஷம்தான் கெடு!) இரண்டும் படித்தவர், சர்க்கரை நோயாளிக்கு 'நார்மல்' என்று வந்தால், 'ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது?' என்றுதான் முதலில் கேட்பார். மாத்திரையின் அளவே அந்த எண்ணை வைத்துத்தானே! சேர்க்கும் முன், தினமும் நோயாளிகள் வருகிற ஆய்வகத்தில் பயிற்சி உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.